கணுக்காலில் கிறீஸ்

காலை பத்து மணிக்கு ஸஜ்ஜாத் மாமரத்துக்கும் கிணற்றடித் தூணுக்கும் இடையே கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றில் தொங்கவிட உம்மா பரீதாவின் அலுமாரியிலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்துப் போயிருந்தார்கள். அந்த மறைப்புக்குள்தான் அவனுடைய வாப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

பரீதா குசினி யன்னலில் நின்று பார்த்தாள். மகன் போட்ட முடிச்சு தளர்ந்திருந்தது. கணவர் தாஹிர் கட்டினால் சைக்கிள் கரியரில் ஒரு நெல் மூட்டை மூதூர் வரை அசையாது.

கிண்ணியாவில் தாஹிர்கள் பலர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணத்தை அறிவித்தபோது முதலில் முழுப்பெயரைத்தான் சொன்னார்கள். சிலர் வேறொரு தாஹிரின் வீட்டுக்கு ஓடிப்போய், அவர் வாசலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டு சலாம் சொல்லித் திரும்பினார்கள். இரண்டாம் முறை 'சைக்கிள் தாஹிர்' என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வழி தவறவில்லை.

அவர் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பாலம் வருவதற்கு முன் சைக்கிளோடு பாதை என்ற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து, மிச்ச வழியை மிதித்தே வேலைக்குப் போனார். பாலம் வந்தது, பஸ் வந்தது. அவர் மிதித்தார். ஓய்வு பெற்ற பிறகு ஸஜ்ஜாத் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். அதை ஒவ்வொரு கிழமையும் கழுவித் துடைத்து நிழலில் விட்டார். மகன் கேட்டால், நல்ல வண்டி, பழுதாக்கக் கூடாது என்பார்.

பெற்றோல் இல்லாத அந்த வருடம் அவருடைய வருடம். ஊரே சைக்கிளைத் தேடி எடுத்து அவரிடம் கொண்டுவந்தது. அவர் முற்றத்தில் உட்கார்ந்து காற்றடித்தார், பிறேக் பூட்டினார். மகள் ஷிஃபானாவுக்கும் அவளோடு படிப்பிக்கும் ரீச்சர்மாருக்கும் பின்னேரங்களில் கடற்கரையில் சைக்கிள் பழக்கினார். பொம்பிளைப் பிள்ளைகளை இப்படி விடலாமா என்று சிலர் வந்து கேட்டார்கள்.

"இப்ப பள்ளிக்கூடம் போகட்டும். பெற்றோல் வந்தாப் பிறகு எல்லாருமாச் சேர்ந்து ஏசுங்க," என்றார்.

பெற்றோல் வந்தது. யாரும் ஏச வரவில்லை. ரீச்சர்மார் இன்னும் சைக்கிளில்தான் போகிறார்கள்.

இன்று விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வழமைபோலப் பாலத்துக்கு அப்பால் போய் வந்தார். பாலத்தில் ஒரு பிள்ளையின் சைக்கிள் செயின் கழன்று கிடந்ததாம், போட்டுக் கொடுத்தாராம். கைகள் கறுப்பாக இருந்தன. கதிரையில் உட்கார்ந்து குடிக்கப் பிளேன்ரீ கேட்டார். அவள் கொண்டுவந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டாள். எத்தனை தரம் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை.

பரீதாவுக்கு ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கால்களைத் தானே கழுவ வேண்டும்.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் அது அவளுடைய வேலை. வலது கணுக்காலில் செயின் உரசி கிறீஸ் அப்பியிருக்கும். மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு அந்தக் காலோடு போக ஏலாது. அவர் கிணற்றடிக் கல்லில் உட்காருவார். அவள் தேங்காயெண்ணெய் பூசி, ஊறவிட்டு, துணியால் துடைப்பாள். அவர் அந்தக் கிழமை போன இடங்களைச் சொல்வார். திரியாயில் வயல் விளைந்திருக்கிறது, சல்லியில் கருவாடு காய்கிறது, கிளிவெட்டியில் ஒருவர் தயிர் தந்து காசு வாங்கவில்லை. கால் கழுவுவது ஒரு சாட்டு. அவள் பாதி மாவட்டத்தை அந்தக் கல்லடியில் இருந்தே பார்த்தாள்.

காலையிலேயே தாஹிரின் மூத்த சகோதரி சுஹைராவிடம் கேட்டுப் பார்த்தாள். சுஹைரா கையிலிருந்த தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள்.

"என்ன கதை புள்ள இது? மௌத்தானதோட நிக்காஹ் முறிஞ்சி போச்சு. இனி நீ அவனுக்கு அந்நியம். முகத்தப் பாக்கிறதோட சரி."

பரீதாவும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தாள். திரும்பிக் குசினிக்குள் வந்துவிட்டாள்.

மறைப்புக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு தேய்க்கும் சத்தம். அது நிற்கவில்லை. பரீதா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஸஜ்ஜாத் முழங்கை வரை ஈரத்தோடு குசினி வாசலுக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. கையில் சவர்க்காரம்.

"உம்மா, வாப்பாட கால்ல கிறீஸ் போகுதில்ல. தண்ணி தோல்ல படணுமாம். தேச்சுத் தேச்சுத் தோல் உரியுது. இனித் தேய்க்க எனக்கு ஏலாது."

"சவர்க்காரத்துக்குப் போகாது மகன். முதல்ல தேங்காயெண்ணெய்."

போத்தலை எடுத்தாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நான் வாறன்," என்றாள்.

கதவடியில் சுஹைரா எழுந்து நின்றாள். அது ஹறாம் என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸஜ்ஜாத் தாயையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறைப்புக்குள் இருந்த இஹ்ஸான் மௌலவியைக் கூப்பிட்டான்.

இஹ்ஸான் இளம் வயதுக்காரர். நனைந்த கைகளை வேட்டியில் துடைத்தபடி தலை குனிந்து கேட்டார். சுஹைராவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"மனைவி குளிப்பாட்டலாம் மாமி. மார்க்கத்தில தடையில்ல. நிக்காஹ் முறியிற கதையெல்லாம் நம்மட ஆக்கள் தெரியாமச் சொல்றது."

சுஹைராவின் கணவர் மௌத்தாகி வருடக்கணக்கு. அன்று அவளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். பரீதா அப்போது அந்த அறைக்குள் அவளோடு இருந்தவள்.

சுஹைரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"போ," என்றாள். "எண்ணெயச் சூடாக்கிட்டுப் போ."

பரீதா அடுப்பில் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். மௌலவியும் குளிப்பாட்ட உதவிய மற்றவரும் மறைப்புக்கு வெளியே வந்து நின்றார்கள். ஸஜ்ஜாத் மட்டும் வாளியோடு உள்ளே போனான்.

தாஹிர் மரவாங்கில் மல்லாந்து கிடந்தார். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சாரம் மூடியிருந்தது. தண்ணீரில் இலந்தை இலை மிதந்தது. வலது கணுக்காலில் தேய்த்த இடத்தில் தோல் லேசாக உரிந்திருந்தது. பரீதா அதில் எண்ணெய் ஊற்றி உள்ளங்கையால் மூடினாள். அவசரப்படவில்லை. ஊற விட்டாள். ஸஜ்ஜாத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துணியால் துடைத்தபோது கிறீஸ் முழுதாக வந்தது. பிறகு கை நகங்கள், விரல் இடுக்குகள். காலையில் அந்தப் பிள்ளையின் செயின் போட்ட கறுப்பும் வந்தது. அவள் கை காட்ட, மகன் தண்ணீர் ஊற்றினான்.

வலது காலுக்குப் பிறகு இடது கால். எழுபது வயதுக் கால்கள்போல் இல்லை. கெண்டைச் சதை இன்னும் இறுக்கமாக, மிதித்துவிட்டு இப்போதுதான் இறங்கியவருடையதைப் போல இருந்தது. காலில் இருந்த காயங்களின் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும். சீனக்குடாவில் லொறி ஒதுக்கியது, பாதையில் வழுக்கியது, ஷிஃபானாவை முன்னால் ஏற்றிக்கொண்டு போகையில் நாய் குறுக்கே பாய்ந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் தன் காலைக் கொடுத்திருந்தார்.

இடது கெண்டைக்காலின் பின்னால் ஒரு தழும்பு. பிறை போல, வெளிறி, தடவினால் மட்டும் தெரிவது. கலியாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். அவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

விரல் அதில் நின்றது. ஸஜ்ஜாத் வாளியைச் சரித்தபடி காத்திருந்தான்.

வெளியே யாரோ மெல்ல நடந்து வந்து விரிப்பின் அருகே நின்றார்கள். துணிக்குக் கீழே சுஹைராவின் பாதங்கள் தெரிந்தன.

"பரீதா," என்றாள். "இடது கெண்டக்கால்ல ஒரு தழும்பு இருக்கும், பாரு. அவன் சைக்கிள் பழகக்குள்ள பட்டது. நான்தான் பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடினனான். இன்னும் கிடக்கா புள்ள?"