வெயிலில் போட்ட கட்டைவிரல்

மொட்டைமாடியில் வெள்ளை பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் கோடை வெயில் ரெண்டு பக்கமும் விழும். மேலே இருந்து விழுவது போதாதென்று, அடித்து முடித்த தரையிலிருந்து கிளம்பி முகவாய்க்கு அடியிலும் தாக்கும். தொப்பி போட்டாலும் பிரயோஜனமில்லை. கூலிங்காரரின் மூக்குக்குக் கீழ்ப்பக்கம்கூடக் கறுத்துப் போயிருந்தது.

கூலிங்காரர் என்பது வேலை இடத்தில் வைத்த பேர். வெயிலைத் திருப்பியனுப்பி வீட்டைக் குளிர வைக்கிற கூலிங் பெயிண்டை மாடி மாடியாக அடிப்பதுதான் அவர் தொழில். "ஊரையே குளிர வைக்கிறாரு, தான் மட்டும் வெந்துட்டு நிக்கிறாரு" என்று கூட வேலை செய்யும் நெட்டை அடிக்கடி சொல்வான். நெட்டை சொன்னால் அவர் சிரிப்பார். மற்றபடி அவர் சிரிக்கிற அளவுக்கு நாளில் ஒன்றும் நடப்பதில்லை.

மனைவி இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகளுக்குக் கல்யாணமாகி, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் வேறு ஊரில் இருந்தாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், போனால் திரும்பி வர வாரமாகும். அதனால் அந்தப் பக்கம் மகள் ஒற்றை ஆள், இந்தப் பக்கம் அப்பா ஒற்றை ஆள். ரெண்டு ஒற்றை ஆளுக்கும் நடுவில் ஒரு போன் இருந்தது.

போன், மாப்பிள்ளை புதுசு வாங்கியபோது கைமாறி வந்தது. நல்ல போன்தான். வீட்டுக்குள் பளிச்சென்றிருக்கும். மாடிக்கு வந்தால் கதையே வேறு. வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்தாலும் திரையில் தெரிவது அவர் முகமும், தொப்பியும், பின்னால் கொஞ்சம் வானமும்தான். பிளாட்பாரத்தில் வாங்கின கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அதுவும் போய், திரை மொத்தமும் கறுப்பாகிவிடும். போனைப் படுக்கவைத்துத் திருப்பினால் லேசாகத் தெரியும், ஆனால் எழுத்தும் படுத்துக்கொள்ளும். துண்டைத் தலையோடு போர்த்தி உள்ளே போனை வைத்துப் பார்ப்பார். நெற்றி வியர்வை திரையில் சொட்டும், போன் தன் இஷ்டத்துக்கு யாருக்காவது கால் போடும். ஒருமுறை அப்படித்தான் சிமென்ட் கடைக்காரரிடம் பேச வேண்டியதாகி, என்ன சொல்வதென்று தெரியாமல் "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

ஆனாலும் போனை மேலே கொண்டுவராமல் இருக்க முடியாது. ஒவ்வொரு கோட்டிங் முடிந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மேஸ்திரி உத்தரவு. திரையே தெரியாமல், குத்துமதிப்பாக நீட்டி எடுப்பார். பாதிப் படத்தில் அவர் நிழல்தான் இருக்கும். "உங்க நிழலுக்கா கோட்டிங் அடிச்சீங்க?" என்று மேஸ்திரி கேட்பார்.

மகளின் மெசேஜ் பெரும்பாலும் மத்தியானத்தில்தான் வரும். சட்டைப் பையில் போன் துடிக்கும். எடுத்துப் பார்த்தால் அவள் படம் மட்டும் வட்டமாகத் தெரியும். அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல ஏதோ ரெண்டு வரி. படிக்க முடியாது. ஆனால் அனுப்பியவள் பதிலுக்குக் காத்திருப்பாளே என்று மனசு கேட்காது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சரி என்பதற்கு அடையாளமான மஞ்சள் கட்டைவிரல் படம் திரையில் எந்த மூலையில் இருக்கிறதென்று கை பழகியிருந்தது. அதைத் தடவி அமுக்கிவிடுவார். பார்த்துட்டேன், நல்லது, அப்பா இருக்கேன், எல்லாம் அதில் அடக்கம் என்பது அவர் எண்ணம். சாயங்காலம் கீழே போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். சாயங்காலம் குளித்து, எதையோ சாப்பிட்டு, தலையைச் சாய்த்தால் அவ்வளவுதான்.

மகள் உண்டாகியிருந்தாள். அது மட்டும் அவள் போன் போட்டுச் சொன்ன செய்தி. அன்றைக்கு அவர் நெட்டைக்கும் மேஸ்திரிக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "கூலிங் தாத்தா" என்று நெட்டை பேரை மாற்றிப் பார்த்தான். அவருக்கு அது பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாள் ஒரு பெரிய குடோனின் மாடி. ஒதுங்க நிழல் என்று பார்த்தால் தண்ணித் தொட்டிக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் இடம்தான். முதல் கோட்டிங் முடிந்து, ரோலரைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் படம் எடுக்கப் போனபோது போன் துடித்தது. மகள். எறும்பு வரிசை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். துண்டைப் போர்த்திக்கொள்ளப் பார்த்தார். கையில் பெயிண்ட். சரி, சாயங்காலம் பார்க்கலாம் என்று வழக்கமான மூலையைத் தடவினார். கட்டைவிரல் போனது. உடனே திரையில் ஏதோ எச்சரிக்கை வந்து, போன் அணைந்துவிட்டது. தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது.

"சூடு தாங்காம மயக்கம் போட்டுருச்சு" என்றான் நெட்டை. "நம்மள மாதிரி இல்ல, அதுக்கு ரோஷம் இருக்கு."

தொட்டிக்கு அடியில் வாட்டர் கேனை ஒட்டி போனை வைத்துவிட்டு ரெண்டு பேரும் மறுபடி வேலையில் இறங்கினார்கள்.

வெயில் கொஞ்சம் சாய்ந்தபிறகு, மேஸ்திரிக்குப் படம் அனுப்ப வேண்டுமே என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். உள்ளே இருட்டு. போனை உயிர்ப்பித்தார். எழுத்து கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது.

"அப்பா, குழந்தை நிக்கல. நேத்து ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு டீச்சர் கூட வந்தாங்க. இப்ப வீட்டுல இருக்கேன். அவருக்கு லைன் கிடைக்கல. நான் நல்லா இருக்கேன், பயப்படாதீங்க."

அதற்குக் கீழே, அவர் போட்ட மஞ்சள் கட்டைவிரல். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக்கும் விழுந்திருந்தது.

அந்த விரலை எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஓடியது. அழுத்தினார். விரல் நுனியில் பெயிண்ட் காய்ந்து தோலாக ஒட்டியிருந்ததால் போன் அவரை அடையாளம் காணவில்லை. சுவரில் தேய்த்தார், பல்லால் உரித்தார், மறுபடி அழுத்தினார். ஒருவழியாக அழிந்தது. அழிந்த இடத்தில், இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. அது முன்னதைவிட மோசமாக இருந்தது.

கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

வெளியே வந்து, "நான் கிளம்புறேன்" என்றார்.

நெட்டை அவர் முகத்தைப் பார்த்தான். "ரெண்டாவது கோட்டு?"

"நீ அடி. மக வீட்டுக்குப் போறேன்."

நெட்டை மேற்கொண்டு கேட்கவில்லை. "கையக் கழுவிட்டுப் போங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். அவர் கழுவவில்லை.

பஸ்ஸில் வெயில் பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது. மடியில் வைத்த போன் வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. வெயில் இறங்க இறங்க எழுத்துகள் மேலே வந்தன. மகளுடைய பழைய மெசேஜ்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மஞ்சள் விரல் நின்றது.

"இன்னைக்கு ஸ்கேன்ல காட்டுனாங்கப்பா. ஒரு புள்ளி மாதிரிதான் இருக்கு. அதுக்குள்ள துடிக்குது." விரல்.

"எந்த வாசனையும் ஆகல. பெயிண்ட் வாசனை மட்டும் பிடிக்குது. எதிர் வீட்டுல அடிக்கிறாங்க, ஜன்னல்லயே நிக்கிறேன்." விரல்.

"அம்மா இருந்தா கேட்டிருப்பேன். முதுகு இப்படி வலிக்குமாப்பா?" விரல்.

பக்கத்து சீட்டில் இருந்தவர், "கண்ணுல தூசியா?" என்று கேட்டு ஜன்னலை இழுத்து மூடிவிட்டார். கூலிங்காரர் தலையாட்டினார்.

தெருவில் கடைகள் அடைக்கிற நேரத்தில் அவர் மூன்றாவது மாடி ஏறிக் கதவைத் தட்டினார். திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மகள் மாப்பிள்ளையின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். முகம் வெளுத்து, முடி ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. அவர் கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

"அப்படியே வந்துட்டீங்களா?"

"குட்டிம்மா, நான் அதப் பார்க்கலடா. வெயில்ல ஒண்ணும் தெரியல. தெரியாமத்தான் போட்டேன்."

"தெரியும்பா. உள்ள வாங்க."

உள்ளே ஒரே ஒரு மின்விசிறி சத்தம். நாற்காலி முதுகில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை தொங்கியது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அவர் எதிரே நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லாத்துக்கும் அப்படித்தான் போட்டிருக்கேன். பஸ்லதான் படிச்சேன். ஒண்ணையும் படிக்காம..."

"தெரியும்பா" என்றாள் மறுபடி. "மத்தியானம் நீங்க மாடியில இருப்பீங்க, போன் தெரியாதுன்னு தெரியும். அதனாலதான் மத்தியானமா அனுப்புவேன்."

அவருக்குப் புரியவில்லை.

"யாருகிட்டயாவது சொல்லணும்னு இருக்கும். ஆனா சொன்ன உடனே அவங்க ஏதாவது சொல்லுவாங்க இல்ல? இப்படி இரு, அப்படி இருன்னு. உங்ககிட்ட சொன்னா ஒரு விரல் வரும். போதும்னு இருக்கும்." சட்டை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "இதுவும் அப்படித்தான். சொல்லிடணும், ஆனா யாரும் உடனே ஐயோன்னு சொல்லிடக் கூடாது. சாயங்காலம் வரைக்குமாவது."

"விரல் வந்தப்ப வருத்தமா இல்லையா?"

"சிரிப்புதான் வந்துச்சு. பைத்தியம் மாதிரி தனியா உக்காந்து சிரிச்சேன்." சட்டை நுனியை விட்டுவிட்டாள். "அப்புறம் அத அழிச்சீங்க பாருங்க. அப்ப நீங்க படிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான்..."

கூப்பிட்டபோது ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் கை வைக்கப் போனவர், கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவளே அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, நகத்தோரம் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். சுரண்டிக்கொண்டே அழுதாள். அவர் ஐயோ என்று சொல்லவில்லை. எது சொன்னாலும் அவள் ஓடிவிடுவாள் என்பது போல அசையாமல் இருந்தார். மனைவி போனபோது இந்த மகள் அவர் எதிரில் அழாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை வந்து சேரும்வரை அங்கேயே இருந்தார். பாத்திரம் துலக்கினார், துணி உலர்த்தினார், முட்டை அவித்தார். சில பொழுதுகள் ரெண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி போன் போட்டுக் கத்தினார். "மகளுக்கு உடம்பு சரியில்ல, வர்றப்ப வரேன்" என்று சொல்லி வைத்தார். மாப்பிள்ளை வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, அந்த அறை இனி தனக்கானதில்லை என்று தெரிந்து கூலிங்காரர் பையை எடுத்தார்.

"இனிமே சாயங்காலம் கூப்பிடறேன்" என்றார் மகளிடம்.

"என்ன பேசுவீங்க?"

"தெரியல."

இப்போது குளித்து முடித்ததும் கூப்பிடுகிறார். சாப்பிட்டாயா என்கிறார், சாப்பிட்டேன் என்கிறாள். அதோடு பேச்சு தீர்ந்துபோகிறது. ஆனால் யாரும் வைப்பதில்லை. அவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவதும், பாத்திரங்கள் இடிபடுவதும், அவள் ஒரு ஜன்னலை இழுத்துச் சாத்துவதும் கேட்கின்றன. மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாட்களில் அந்தச் சத்தங்கள் இன்னும் தெளிவாகக் கேட்கின்றன.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல. நீ வேலையப் பாரு."