பதினேழாவது மனு

கொள்ளிடத்துத் திட்டில் கரும்புக்குத் தீ வைக்க ஒரு நேரம் உண்டு. காலைப் பத்தரை மணி வண்டி கடந்து பத்து நிமிடம் கழிய வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால் பொய் வெளுத்துவிடும். ரொம்பத் தள்ளி வைத்தாலும் கேட்கிறவன் சிரிப்பான். இதையெல்லாம் யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் திட்டில் கரும்பு போட்டிருக்கிற அத்தனை பேருக்கும் அத்துபடி.

வண்டி என்றதும் மாயவரத்தில் நிற்கிற ரயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஆலைக்குச் சொந்தமான குட்டி வண்டி. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், இருமிக்கொண்டே ஓடுகிற ஒரு டீசல் இன்ஜின், பின்னால் இருபது இரும்புப் பெட்டிகள், அவ்வளவுதான். ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் கிடக்கிற திட்டுக்கும் ஆலைக்கும் நாலு கிலோமீட்டர். லாரி வராது. டிராக்டரும் வராது, மணலை அள்ளி அள்ளி ஆற்றுக்குள் ஆள் உயரத்துக்குப் பள்ளம் போட்டு வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். ஆட்கள் பரிசலில் போய்வரலாம். கரும்பு போக அந்தத் தண்டவாளத்தையும் இரும்புப் பாலத்தையும் விட்டால் நாதியில்லை.

அந்தத் திட்டில் சாமிதுரைக்கு ஒன்றேகால் ஏக்கர். அவருடைய அப்பா அதே மண்ணில் கூலிக்குக் கரும்பு வெட்டி முதுகு வளைந்தவர். நிலத்துக்காரர் தியாகராசன் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டார். இந்தத் திட்டைக் கட்டிக்கொண்டு யார் அழுவது என்று ஒருநாள் விற்றார். சாமிதுரையும் அவர் மனைவி அம்சமும் இருபது வருட உழைப்பை அதில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்கள் வகையறாவிலேயே பட்டாவில் பேர் ஏறிய முதல் ஆள் சாமிதுரை. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி நிற்கிற இடத்தில் நெல் அழுகிப் போகும், கரும்பு ஒன்றுதான் தாக்குப்பிடிக்கும். கரும்பு போக வண்டி வேண்டும். வண்டி இல்லையென்றால் அந்தப் பட்டா வெறும் காகிதம்.

இந்த வருடம் கரும்புக்குப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தபாடில்லை. முதலில் பெட்டி இல்லை என்றார்கள், பிறகு இன்ஜின் ரிப்பேர் என்றார்கள். கரும்பு பூத்துவிட்டது. பூத்த கரும்பு உள்ளே சக்கையாகிக்கொண்டே வரும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாமிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. ஆலைக்காக வயல் பார்க்க வருகிற பீல்ட்மேன் மதிவாணனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார், கெஞ்சினார். மதிவாணன் ஒருநாள் பைக்கை நிறுத்திவிட்டு, வயலைப் பார்த்தபடி ஒரு வார்த்தை சொன்னான்.

"எல்லார் கரும்புலயும் பொறி படுது. உங்க கரும்புல மட்டும் படவே மாட்டேங்குதே, என்னங்க அது?"

சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போய்விட்டான்.

விஷயம் இதுதான். எரிந்த கரும்பு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது, சாறு புளித்துவிடும். அதனால் தீப்பிடித்த கரும்புக்கு வரிசை கிடையாது, அன்றைக்கே உத்தரவு. ஆனால் தானாகப் பிடித்த தீயாக இருக்க வேண்டும். இன்ஜின் புகைப்போக்கியிலிருந்து பொறி பறந்து பற்றிக்கொண்டது என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். ஆலைக்கும் தெரியும், மதிவாணனுக்கும் தெரியும், வண்டி ஓட்டுகிற அன்சாருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். "என் வண்டி வயித்துல அடுப்பு எரியுதுன்னு ஊரே சொல்லுது" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். வரப்போரத்துக் கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, உரித்து, பக்கத்து வயலுக்குத் தீ தாவாமல் இடம் விட்டார்கள். பத்தரைக்கு வண்டி வந்தது. கரும்போரத்தில் முந்தானைக்குள் தீப்பெட்டியோடு குந்தியிருந்த அம்சத்தை அன்சார் பார்த்துவிட்டான். இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். பத்து நிமிடம் ஆனது. சாமிதுரை மூன்று குச்சி கிழித்தார், மூன்றும் சோகையைத் தொடுவதற்குள் அணைந்தன. பதினாலு மாதம் தண்ணீர் கட்டிய கை அல்லவா, எப்படி வரும்? அம்சம் தீப்பெட்டியைப் பிடுங்கி, ஒரே குச்சியில் பற்ற வைத்தாள். சோகை சடசடவென்று எரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மதியத்துக்கெல்லாம் மதிவாணன் வந்து மனுவை எழுதினான். பத்தரை மணி வண்டியின் பொறி பறந்து விழுந்ததை நேரில் பார்த்தேன் என்று அதில் ஒரு வரி. சாமிதுரை கையெழுத்துப் போட்டார். உத்தரவு கைக்கு வந்தது. புதனும் வியாழனும் இரண்டு செட்டு ஆட்களை விட்டு வெட்டி, கட்டுக்கட்டாகத் தண்டவாளத்தோரம் அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பெட்டி வரும்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஹாரன் கேட்கவில்லை. பதினொன்றரைக்கும் கேட்கவில்லை. அன்சாரின் போன் அணைந்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏதாவது கோளாறாக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்சத்திடம் சொல்லிவிட்டுச் சாமிதுரை தண்டவாளத்து மேலேயே நடந்தார். பாலம் முடிகிற இடத்தில் குறுக்கே நாலு கட்டைகளைப் போட்டு, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டி ஆலைக்கு நடந்தார்.

அன்சார் ஆலை வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் சாவியைக் காலையிலேயே வாங்கிக்கொண்டார்களாம். ஆலை இப்போது வேறு கை மாறியிருக்கிறது. புதிய முதலாளிகள் பழைய காகிதங்களை எல்லாம் புரட்டியிருக்கிறார்கள். ஒரே பருவத்தில் பதினேழு தடவை பொறி பறந்து தீப்பிடித்ததாகப் பதினேழு மனு. இப்படி நெருப்பைக் கக்குகிற வண்டியை எவனாவது ஓட்டுவானா என்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இதைத் தலையைக் குனிந்தபடியே சொன்ன அன்சார், கடைசியில் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, மேனேஜரம்மா ஒவ்வொருத்தரயா கூப்பிட்டுக் கேக்குறாங்க. இதுவரைக்கும் வந்த பதினாறு பேரும் பொறியக் கண்ணால பாத்தோம்னுட்டுப் போயிட்டாங்க. நீங்களாச்சும் நெசத்தச் சொல்லுங்கண்ணே."

சொல்கிறேன் தம்பி என்றார் சாமிதுரை. மனதாரத்தான் சொன்னார், அதில் சந்தேகமே வேண்டாம். அன்சார் தாயா பிள்ளையாப் பழகினவன். போன வருடம் பாலத்தில் வைத்து அம்சத்துக்கு மயக்கம் வந்தபோது, பெட்டிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவன்.

ஆனால் மேனேஜர் அறைக்குப் போகிற வழியில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. இத்தனை வருடமாக அங்கேதான் இருக்கிறது, அவர் நின்று படித்தது கிடையாது. இன்றைக்குப் படித்தார். தாமே தீ வைத்த கரும்பு ஏற்கப்படாது, அந்த விவசாயியின் பதிவு நீக்கப்படும் என்று போட்டிருந்தது. வாசலில் மதிவாணன் நின்றான். அவரைப் பார்த்ததும் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

மேனேஜர் வானதி சின்ன வயசுப் பெண். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, உட்காருங்க ஐயா என்றாள். அவர் உட்காரவில்லை. மனுவை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே? பயப்படாமச் சொல்லுங்கய்யா. பொறி பறந்தத நீங்க பாத்தீங்களா?"

சாமிதுரையின் கண்ணுக்குள் அடுக்கி வைத்த கரும்பு நின்றது. நாற்பது டன். இல்லை என்று சொன்னால் அது இந்தப் படியேறாது. அவர் பேரும் இந்த ஆலையில் இருக்காது. அன்சார் வேறு எங்காவது வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்வான், நாம் எங்கே போவது? ஒரு நிமிடம்கூட இல்லை, அரை நிமிடம்தான் இப்படி ஓடியது புத்தி.

"பாத்தேம்மா," என்றார்.

வானதி மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள். தட்டி முடித்துவிட்டு, சலித்துப்போன குரலில் சொன்னாள்.

"நீங்கதான்யா கடைசி ஆளு. ஒருத்தராவது இல்லன்னு சொல்லியிருந்தா, இதெல்லாம் வழக்கமா எழுதுற மனு, வண்டி மேல தப்பில்லன்னு மேல பேசியிருப்பேன். இந்தப் பருவத்தயாவது ஓட்டி முடிச்சிருக்கலாம். பதினேழு பேரும் கண்ணால பாத்தேன்னா நான் என்னத்தச் சொல்ல?"

சாமிதுரைக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் பலகையும் பதிவும் மதிவாணனும் எல்லாம் மறந்து போனது.

"இல்லம்மா. பொறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்கதாம்மா கொளுத்துனோம்."

"நீங்க பாத்தேன்னதும் மேலிடத்துக்கு மெயில் போயிடுச்சுங்கய்யா. இப்ப நீங்க மாத்திச் சொன்னா, வண்டி ஓடணுங்கறதுக்காகச் சொல்றீங்கன்னுதான் நெனப்பாங்க."

அப்படியானால் என் கரும்பு என்று கேட்டார். அவள் ஒரு குறையும் வைக்காமல் பதில் சொன்னாள். மனுவில் இருப்பதுதான் கணக்கு, அதனால் உத்தரவு செல்லும், ஞாயிறு வரை கேட் திறந்திருக்கும், எந்த வண்டியில் கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். திட்டுக்கு வேறு எந்த வண்டியும் வராது என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் நிற்க அவருக்குத் தெம்பில்லை.

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அன்சாருக்கு விளங்கிவிட்டது. திட்டுவான், சட்டையைப் பிடிப்பான், பிடித்தால் நல்லது என்றுதான் சாமிதுரை நினைத்தார். அவன் எழுந்து பக்கத்தில் வந்தான். திங்கட்கிழமை பாலத்துத் தண்டவாளத்தைக் கழற்ற ஆள் வருகிறது, இன்ஜின் இரும்புக் கடைக்குப் போகிறது என்று மட்டும் சொன்னான். பிறகு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டீங்களே, ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கண்ணே என்றான். படுபாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? சாமிதுரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

திட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்திலேயே வாடை வந்தது. கள்ளுப்பானை வாடை. அடுக்கி வைத்த கரும்பின் வெட்டு வாயெல்லாம் ஈ மொய்த்தது. அம்சம் எங்கிருந்தோ தென்னங்கீற்றுகளைச் சுமந்து வந்து, பாதிக் கரும்புக்கு நிழல் போட்டு வைத்திருந்தாள். குடம் குடமாகத் தண்ணீரும் தெளித்திருந்தாள். அவரைக் கண்டதும் குடத்தை இறக்கிவிட்டு, வண்டி எப்போது வருமாம் என்று கேட்டாள்.

அவர் கரும்புக் கட்டு மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மனுவை, பலகையை, பதினேழு பேரை, ஒருத்தர் இல்லை என்றிருந்தால் வண்டி ஓடியிருக்கும் என்பதை, பாத்தேன் என்று தான் சொன்னதை. அதோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் மாற்றிச் சொன்னதையும், அது எடுபடாமல் போனதையும் சொல்ல நாக்கு எழவில்லை. எத்தனை தோல்வியைத்தான் ஒரே மூச்சில் ஒரு மனுஷன் சொல்வான்?

அம்சம் கரிப்பிடித்த தன் கையைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குள் போனாள். வரும்போது தலையை வாரி, வேறு சேலை உடுத்தியிருந்தாள். கையில் அந்தத் தீப்பெட்டி.

"நீங்க எங்க கொளுத்துனீங்க? நான்ல கொளுத்துனேன். நீங்க பாத்தேன்னு சொன்னா அது ஒரு சாட்சி. கொளுத்துனவ நானே வந்து சொன்னா அந்தப் பொண்ணு கேக்காமயா போவும்? புருஷனுக்குத் தெரியாது, நான்தான் செஞ்சேன்னு சொல்றேன். பேர நீக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும். வண்டி ஓடுனாப் போதும்."

தீப்பெட்டியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கீற்று நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய் வந்து இழுக்கும் என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தில் ஏறினாள். சாமிதுரை வாயைத் திறந்தார். போகாதே, அது முடிந்து போன கதை, அந்த மெயில் மத்தியானமே போய்விட்டது என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் மூன்று நாளாகச் செத்துக் கிடந்த முகம் அது, இப்போதுதான் உயிர் வந்திருந்தது. அதைத் தன் வாயால் அணைக்க அவரால் ஆகவில்லை.

அவள் தண்டவாளத்துக் கட்டைக்குக் கட்டை காலை எட்டி வைத்து, வேகமாக நடந்தாள். பாலத்தின் மேல் ஒரு தடவை நின்று, முடிச்சு பத்திரமாக இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஆபீசைப் பூட்டியிருப்பார்கள். சாமிதுரை எழுந்து, காற்றில் விலகிய ஒரு கீற்றை இழுத்துக் கரும்பு மேல் சரியாகப் போட்டார்.