யாரு ஆக்குனது?

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா தீபாவளிக்குக் கூப்பிட்டபோது கீர்த்தனா கம்பெனியில் இருந்தாள். சாம்பிள் பனியன்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"அப்பாவேதான் சொன்னாரு கண்ணு. நெஞ்சு ஆப்பரேசனுக்குப் பொறவு ஆளு ரொம்பத் தளந்துட்டாரு. புள்ளைய ஒருக்காவாச்சும் பாக்கோணுங்கறாரு. மத்தியானச் சோத்துக்கு வந்துருங்க. அவரையும் கூட்டியாந்துரு."

அவர் என்றது பிரதீப்பை. அம்மா ரங்காத்தாளுக்கு மருமகன் பெயரைச் சொல்ல இன்னும் நாக்கு வளையவில்லை.

குண்டடம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் கீர்த்தனா. அருள்புரத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்த பிரதீப்பைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வாசலை மிதித்ததில்லை. பிரதீப்பின் அப்பா கன்னையனும் அம்மா மயிலாளும் ஒரு காலத்தில் அது மாதிரித் தோட்டங்களில் களை வெட்டியவர்கள். வாசலுக்கு வெளியே நின்று, தூக்கி ஊற்றிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தவர்கள்.

"நா என்னங்மா கொண்டாரட்டும்?" என்று கேட்டாள் கீர்த்தனா.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எதுக்குக் கண்ணு? உங்க அண்ணி கறி ஆக்கீருவா. அத்தை ஒப்புட்டு சுட்டுக் கொண்டாராங்க. செரி, உனக்கு ஆசையா இருந்தா தொட்டுக்க எதாச்சும் கொண்டா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கீர்த்தனா இரண்டு நாள் அலைந்தாள். கோழி வறுவல் என்றால் அப்பா தொட மாட்டார், ஆப்பரேஷனுக்குப் பிறகு கறியை விட்டுவிட்டார். தயிர்ப்பச்சடி வண்டியில் போய்ச் சேர்வதற்குள் நீர்த்துப்போகும். அவரைக்காய்ப் பொரியலை யாரும் விருந்தென்று மதிக்க மாட்டார்கள். தண்ணீர் ஊற்றி வேகவைத்ததைவிட எண்ணெயில் பொரித்ததற்குத் தீட்டு கம்மி என்று சின்ன வயதில் முத்தாத்தாள் அத்தை யாரிடமோ சொன்னது திடீரென்று நினைவுக்கு வந்தது. அதை வைத்துத்தான் தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

"பேக்கரியில ஒரு பெட்டி மிச்சர் வாங்கிக்கலாம்" என்றான் பிரதீப். "கடைப் பொட்டலத்தை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஆறு வருசங் கழிச்சுப் போறேன். பொட்டலத்தையா நீட்டச் சொல்றீங்க?"



கடைசியில் சேனைக்கிழங்கு வறுவல் என்று முடிவாயிற்று. அப்பா சோற்றைக் குறைத்துக்கொண்டு அதைத் தின்பவர். தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு கீர்த்தனா கிழங்கை எடுத்து வைத்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு அடுப்படியில் நிற்கும் மயிலாளைக் காணோம். பார்த்தால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இதைச் சித்தெ நறுக்கிக் குடுக்கறீங்களா? எனக்குக் கை அரிக்கும்."

"நீயே நறுக்கு கண்ணு. கையில எண்ணெ தடவிக்க."

"ஏனுங்க அத்தை?"

மயிலாள் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைத் துடைத்தாள். "நா கை வைக்கலீன்னா, அங்க கேட்டாங்கன்னா நீ தெகிரியமா சொல்லிக்கலாம் பாரு. பொய் சொல்ற சங்கடம் உனக்கு வேண்டாம். நறுக்குனதைப் புளித்தண்ணியில போடு."

அப்படியெல்லாம் இல்லை, உள்ளே வாங்க என்று கீர்த்தனா சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு நறுக்கினாள். மசாலா பிசறியது, கல்லில் அடுக்கியது, திருப்பிப் போட்டது எல்லாம் அவள் ஒருத்திதான். மயிலாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தீயைக் குறைக்கச் சொன்னாள், கருவேப்பிலையைக் கடைசியில் போடச் சொன்னாள். அவள் கை நிலைப்படியைத் தாண்டவில்லை.

பல்லடம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் வண்டி போனது. அவர்கள் குழந்தை தமிழ்மதி முன்னால் உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டப்பாவின் சூடு கீர்த்தனாவின் மடியில் உறைத்துக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் எல்லாம் நல்லபடியாகவே இருந்தது. அதுதான் பிறகு நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. அப்பா சுப்பையன் வாசல் வரை வந்தார். "வாங்க தம்பி" என்று பிரதீப்பைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை, ஆனாலும் கூப்பிட்டார். குழந்தையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் நித்தீஷ், பிரதீப்போடு ஆர்டர் குறைந்துபோனதைப் பற்றிப் பேசினான். குழந்தைக்கு முதலில் ஊட்டி அம்மா கட்டிலில் தூங்க வைத்தாள். பெரியவர்களுக்கு ஒரே வரிசையில் இலை போட்டார்கள், பிரதீப்புக்கும் அதே வரிசையில்.

அண்ணி யாழினி டப்பாவைத் திறந்தாள். "அடேங்கப்பா, வாசமே ஆளைத் தூக்குது" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு அப்பாவின் இலைக்கு வந்தாள். அப்பா இலையோரத்தில் கிடந்த வடையை நகர்த்தி இடம் ஒதுக்கினார்.

அப்போதுதான் முத்தாத்தாள் கேட்டாள். அப்பாவின் அக்கா அவள். தேன் தடவிய மாதிரித்தான் கேட்டாள்.

"யாரு ஆக்குனது கண்ணு? நீதானே?"

அண்ணியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அம்மா சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா நிமிரவில்லை, ஒதுக்கின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று அவள் சொல்லிவிட வேண்டுமென்று அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஆசைப்பட்டார்கள். அது கீர்த்தனாவுக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவளின் முகம் வந்து குறுக்கே நின்றது.

"இல்லீங்க அத்தை. எங்க மாமியாருதான் ஆக்கிக் குடுத்தாங்க."

யாரும் கோபப்படவில்லை. அப்பா இலைமேல் கையைக் கவிழ்த்தார்.

"டாக்டரு கெழங்கு ஆகாதுன்னிருக்காரு கண்ணு."

"எனக்கு வாயுத் தொல்ல" என்றாள் முத்தாத்தாள்.

"நான் அப்பறமா வெச்சுக்கறேன்" என்றான் நித்தீஷ்.

அண்ணி கரண்டியோடு வரிசை முழுக்க நடந்துபோய்ப் பிரதீப்புக்கு வைத்தாள், கீர்த்தனாவுக்கு வைத்தாள். பிரதீப் தலை நிமிராமல் வைத்ததைச் சாப்பிட்டு முடித்தான். அப்பா எண்ணெய் சொட்டும் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

கிளம்பும்போது அம்மா டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "இங்க மிச்சமாயிப் போயிரும், கொண்டுபோயிரு" என்றவள், கீர்த்தனாவின் கையைப் பிடித்துக் காதோடு சொன்னாள். "நீதான் ஆக்குனேன்னு சொல்லியிருக்கலாமில்ல சாமி? ஒரு நல்லதுக்குப் பொய் சொன்னா என்ன? அப்பா எத்தன ஆசையா எடம் ஒதுக்குனாரு."

கீர்த்தனா டப்பாவை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் பிரதீப் வண்டியை நிறுத்தினான்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

"என்ன பண்றாங்கன்னு பாக்கோணும்னு தோணுச்சுங்க."

"என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? அந்த ஊட்டுலதானே பொறந்தே?" அவன் குரலை உயர்த்தவில்லை. "அவங்களைச் சோதிக்க எங்கம்மாதான் கெடைச்சாங்களா? யாரும் வேண்டாம்னு சொல்லீரக் கூடாதுன்னுதான் அவங்க அடுப்படிக்குள்ளயே வரல. அங்க இல்லாத ஆளை நீ கூட்டிட்டுப்போய் எலைக்கு முன்னால நிறுத்திட்டே."

மாமியாருக்காக நின்றதாகத்தான் அதுவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. அவன் சமாதானம் சொல்லவில்லை. குழந்தை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

வீட்டில் மயிலாள்தான் டப்பாவை வாங்கினாள். வாங்கியதும் கனம் தெரிந்திருக்கும். "நெறைய ஆக்கிப்புட்டயாட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் சோற்றுக்கு அதையே சூடு பண்ணி வைத்தாள். கன்னையன் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றார்.

"உங்கப்பாரு சாப்பிட்டாங்களா கண்ணு?" என்று மயிலாள் கேட்டாள்.

"சாப்பிட்டாருங்க அத்தை. ரொம்ப நல்லா இருக்குதுன்னாரு."

பிரதீப் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான். மயிலாள் மகன் போவதைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கன்னையனுக்கு ரசம் ஊற்றினாள்.

குண்டடத்திலிருந்து பிறகும் போன் வந்துகொண்டுதான் இருந்தது. அப்பா குழந்தையைப் பார்க்க ஏங்குகிறார் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் ஷிப்மெண்ட் இருக்கிறது என்று கீர்த்தனா சொல்லிவிடுவாள். பிரதீப் அந்தத் தீபாவளிப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்துச் சண்டை போட்டிருந்தாலும் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கம்பெனி விட்டு வந்ததும் அவன் நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவோடு நின்று பேசிக்கொண்டிருப்பான். கீர்த்தனா உள்ளே வந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போய்விடுவான்.