கால்மாட்டு டாக்டர்

“பிரஷர் எழுபதுக்கு நாப்பது. கழுத்துல வெயின் ரெண்டும் கயிறு மாதிரி புடைச்சு நிக்கு. மூச்சு முட்டுது. வலது நெஞ்சு அசையவே இல்ல. என்ன செய்வே?”

“எக்ஸ்ரே எடுத்துப் பாப்பேன்.”

“செத்துட்டேன். கையை நீட்டு.”

நீட்டினேன். சிபி பாயில் படுத்தபடியே மர ஸ்கேலை எடுத்து என் விரல் முட்டிகளில் அடித்தான். தட்டையாக இல்லை, விளிம்பால். அதுதான் விதி. எழுதியவளும் நான்தான். தேர்வில் மூன்றாவது முறை தோற்ற அன்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: முப்பது விநாடி, ஒரே பதில், தப்பினால் நோயாளி செத்தான், டாக்டருக்கு அடி.

“எத்தனை தடவைடி சொல்லியது? இடிபட்ட நுரையீரல்ல இருந்து காத்து கசிஞ்சு நெஞ்சுக்குள்ள நிறைஞ்சு நிக்கு. அது இருதயத்தையே நெரிக்குது. நீ படம் எடுக்கப் போனா வழியிலேயே பொணம். முதல்ல ஊசி குத்திக் காத்தை விடு. பொறவு எடு உன் எக்ஸ்ரேயை.”

“தெரியும்.”

“தெரிஞ்சவளுக்கு விரல் ஏன் வீங்கியிருக்கு?”

முட்டிகளில் தோல் உரிந்து, பழைய அடியின் பழுப்பின் மேல் புது ரத்தம் கசிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். வலிக்கும்வரை நான் இன்னும் பந்தயத்தில் இருக்கிறேன் என்று தோன்றும்.

சிபியும் நானும் பாறசாலைப் பக்கம். கிர்கிஸ்தானில் ஒரே கல்லூரியில் ஆறு வருடம், பனியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் படித்தோம். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் டாக்டர். போன முறை அவன் தேறிவிட்டான். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர், பதிவு நம்பரும் வந்துவிட்டது. எனக்கு நான்காவது தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கழக்கூட்டம் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்து நோயாளியாகப் படுப்பான்.

அறையில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வீட்டுக்காரருடைய இரும்பு பீரோ. இடையில் பாய் விரித்தால் ஆள் உட்கார இடம் கால்மாட்டில் மட்டும்தான். ஆறு மாதமாக எல்லா நோயாளிகளையும் நான் அங்கிருந்துதான் பார்த்தேன். நோயாளியின் வலது என்றால் என் இடது கைப்பக்கம். யோசிக்காமலே கை போகும். ஞாயிறுதோறும் பன்றி விலா வாங்கி, அடியில் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டி, சிபியின் நெஞ்சில் ஏற்றி ஊசி குத்திப் பழகுவோம். முடிந்ததும் அதையே மிளகு போட்டு வதக்கித் தின்போம்.

“ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு வலது பக்கம் நிக்கணும்டி. நீ என்னன்னா கால்மாட்டு டாக்டர்.”

“பீரோவைத் தூக்கி உன் நெஞ்சுல வைக்கவா?”

“வை. பொறவு எக்ஸ்ரே எடு.”

அப்போது கீழே ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே இழுப்பாக. ஒரு மாதமாக நடக்கும் சண்டைதான். வீட்டுக்காரர் மகன் சுஜினின் ஜீப் வெளியே போக முடியாதபடி, மூன்றாம் மாடி ஸ்ரீஜித் சேட்டன் கேட்டுக்குக் குறுக்கே காரை நிறுத்திவிட்டு, மேலே லேப்டாப்பில் ஐடி பார்க் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை நாலு மணி. மழை பெய்துகொண்டிருந்தது.

சேட்டன் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஹாரன் நின்றது. பிறகு நனைந்த மெத்தையைத் தடியால் அடிப்பது போல ஒரு சத்தம். இன்னொன்று.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சேட்டன் முற்றத்துச் சிமெண்டில் மல்லாந்து கிடந்தார். சுஜின் அவர் மேல் குனிந்து வீல் ஸ்பானரால் விலாவில் அடித்தான்.

“இனி இங்க வண்டி இடுவியாடா? இடுவியா?”

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. பதிலுக்குக்கூட அவன் காத்திருக்கவில்லை. சேட்டனின் வாயிலிருந்து வந்தது பேச்சில்லை, ரத்தக் குமிழி. வீட்டு வாசல்களில் மூன்று பேர் நின்று மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பழகும் பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிறத் தடி ஊசிகள் இரண்டை எடுத்தேன். சிபி என் தோளைப் பிடித்தான்.

“எங்க போறே? உனக்கு நம்பர் இல்ல. அந்த ஆளு செத்தா உன் மேல கேஸ். கேஸ் வந்தா பரீட்சையும் இல்ல ஒண்ணும் இல்ல.”

“அப்போ நீ வா. உனக்குத்தான் நம்பர் இருக்கே.”

வந்தான். முதல் மாடிப் படித் திருப்பம்வரை வந்தான். அங்கிருந்து ஸ்பானர் மேலே எழுவதைப் பார்த்ததும் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

கீழ் வீட்டில் மெஸ் நடத்தும் தங்கபாய் அக்கா வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். “ஆம்புலன்ஸ்! கழக்கூட்டம்! ஆளைக் கொல்லுகான்!” ஹைவேயில் லாரிகள் இரைந்தன. அந்த இரைச்சலில் நெஞ்சில் காது வைத்துக் கேட்பது நடக்காத காரியம்.

சேட்டனின் கால்மாட்டில் சுஜின் நின்றான். அதனால் நான் தலைமாட்டில் மண்டியிட்டேன். ஸ்பானரிலிருந்து தள்ளி வேறு இடம் இல்லை.

முகம் நீலம். உதடு கத்தரிக்காய் நிறம். கழுத்து நரம்புகள் இரண்டும், சிபி சொன்ன அதே கயிறு. பாடத்தில் வந்த ஆள் எழுந்து வந்து மழையில் படுத்திருப்பது போல இருந்தது. என் மனசு முப்பதிலிருந்து இறங்கி எண்ண ஆரம்பித்தது. எந்தப் பக்கம்? சட்டை முழுக்க ரத்தமும் சேறும். எண்ணிக்கை பத்துக்குக் கீழே போய்விட்டது.

“வலது!” படியிலிருந்து சிபி அலறினான். “வலது நெஞ்சு ஏறல்ல! குத்துடி!”

வலது என்று கேட்டதும் என் கை இடதுபக்கம் போனது. அக்குளுக்குக் கீழே, ஐந்தாவது விலா இடைவெளி. சட்டையைக் கிழித்தேன். ஊசி பன்றி விலாவில் இறங்குவதைவிட எளிதாக இறங்கியது. உள்ளூசியை உருவினேன், குழாய் மட்டும் நின்றது.

காற்று வரவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. சேட்டனின் கண்கள் மேலே செருகின.

“அவனைத் தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல!”

சுஜின் எப்போது சொன்னான் என்று எனக்கு ஞாபகமில்லை. ஸ்பானர் இறங்குவதை மட்டும் பார்த்தேன். இடது முன்கையைத் தூக்கித் தடுத்தேன். விறகு முறியும் சத்தம் கேட்டது. அது என்னுடையது என்று புரிய நேரமானது. கை முழங்கைக்குக் கீழே மூட்டே இல்லாத இடத்தில் மடங்கித் தொங்கியது. அவன் மறுபடி ஓங்கினான், இந்த முறை என் தலைக்கு.

தங்கபாய் அக்கா உள்ளே ஓடியதை நான் பார்த்திருக்கவில்லை. சோறு வடித்த கஞ்சிப் பானையோடு வெளியே வந்தவள் அப்படியே அவன் முகத்தில் வீசினாள். ஆவியும் அலறலும் ஒன்றாக எழுந்தன. ஸ்பானர் சிமெண்டில் விழுந்து உருண்டது. சுஜின் முகத்தைப் பொத்திக்கொண்டு மழைத் தண்ணீரில் புரண்டான், தோல் விரலோடு வந்தது.

“கெடக்கட்டும் மூதேவி,” என்றாள் அக்கா. “நீ உன் வேலையைப் பாருடி.”

என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். ‘செத்துட்டேன், கையை நீட்டு’ என்று யாரோ எனக்குள் சொன்னார்கள். நீட்ட ஒரு கைதான் இருந்தது. அப்போதுதான் சேட்டனின் வாட்ச்சைப் பார்த்தேன். கண்ணாடி உடைந்தும் முள் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஊசி குத்தியிருந்த பக்கத்துக் கையில் கட்டியிருந்தது.

எல்லாரையும் போல அவரும் இடது கையில்தான் வாட்ச் கட்டுவார்.

தலைமாட்டில் இருக்கிறேன். இங்கிருந்து அவருடைய வலது எனக்கும் வலது. நல்லா இருந்த நுரையீரலைக் குத்தியிருக்கிறேன்.

“அக்கா, இந்தக் குழாய் வாயைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடி. எடுத்துராதே.”

அவள் கேள்வி கேட்காமல் அமுக்கினாள். இரண்டாவது ஊசியின் மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினேன். வலது பக்க விலாக்களை ஒரே கையால் எண்ணினேன். மூன்றாவதும் நான்காவதும் விரலுக்கடியில் உடைந்த ஓடு போல நகர்ந்தன. ஐந்தாவது இடைவெளியில் முழு எடையோடும் சாய்ந்து குத்தினேன்.

சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கியது போல ஒரு சீறல். ரத்தம் தூறலாக என் முகத்தில் தெறித்தது. சேட்டனின் நெஞ்சு மேலே எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது. கண் கீழே இறங்கி என்னைப் பார்த்தது. என்னைக் கொல்லத் தோன்றும் அளவுக்கு வலியோடு பார்த்தார். அது போதும் எனக்கு.

ஹைவே நெரிசலைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது. ஆம்புலன்ஸ் நர்ஸ் ஒல்லியான பெண். ஆக்சிஜனை மாட்டிவிட்டு இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பக்கமும் எதுக்கு?”

“வலதுதான் வேணும். இடது தப்பு,” என்றேன். “போனதும் சொல்லிருங்க. இடது நுரையீரலும் சுருங்கலாம். அதுக்கும் ட்யூப் போட வேண்டி வரும். மறந்துராதீங்க, ப்ளீஸ்.”

“தப்பா?” அவள் புருவம் உயர்ந்தது. காகிதத்தைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். “எந்த டாக்டர் போட்டது? பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் வேணும்.”

மொபைல்கள் என்னை நோக்கித் திரும்பின. தங்கபாய் அக்கா கட்டைவிரலை எடுக்காமலே என் முகத்தைப் பார்த்தாள். ஜீப்பிலிருந்து இறங்கிய போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தபடி எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

சிபி அப்போதுதான் கடைசிப் படியில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் இன்னும் அந்த மர ஸ்கேல் இருந்தது. இவ்வளவு நேரமும் அதைப் பிடித்துக்கொண்டேதான் நின்றிருக்கிறான். அவன் வலது என்று சரியாகத்தான் சொன்னான். தப்பு அவனுடையதில்லை, எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

தொங்கும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து அவன் பக்கத்தில் போனேன். நர்ஸுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்:

“சிபி, ரெண்டு ஊசியும் நீதான் போட்டேன்னு சொல்லுடா. உன் நம்பரைச் சொல்லு.”