பதில் கரூரில் நிற்கிறது

அந்தக் கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனியில் ஒரு கிளை இன்னொரு கிளையோடு பேசினால், பேச்சு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பெட்டிதான் முடிவு செய்யும். கிளைக்கு ஒரு பெட்டி. முன்பெல்லாம் எல்லாப் பேச்சும் டெலிபோன்காரர்களிடம் எடுத்த ஒரே வாடகைக் கம்பியில் முட்டி மோதிக்கொண்டு போனது. பெட்டி வந்த பிறகு வாடகைக் கம்பி, ஊர்க் கேபிள், செல்போன் டவர் என்று எது காலியோ அதில் ஏற்றி அனுப்பியது. நீலகிரி டவர் வழியாக வந்த பேச்சு காதில் ஜில்லென்று விழும். கடற்கரைக் கேபிளில் வந்தது கொஞ்சம் உப்புக் கரிக்கும். அதற்கெல்லாம் யாரும் புகார் சொன்னதில்லை.

எந்தப் பேச்சுக்கு முதலிடம் என்று பெட்டிகளுக்கு உத்தரவு போடுகிறவள் தலைமை அலுவலகத்துக் கோகிலவாணி. கறாரான பெண். ஆர்டரும் சரக்கு விவரமும் அவளுக்கு முதல் வகுப்பு. முதல் வகுப்பை நம்பி ஒரே வழியில் விட முடியாதென்று, இரண்டு பிரதிகளாக இரண்டு வழியில் அனுப்பச் சொல்லியிருந்தாள். முந்தி வந்ததை வைத்துக்கொள்வார்கள், பிந்தி வந்ததைக் கழித்துவிடுவார்கள். சொந்தக் கதை, சோகக் கதையெல்லாம் கடைசி வகுப்பு. இடம் கிடைத்தால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தூத்துக்குடிக் கிளையின் தங்கப்பழம் கேட்ட கேள்வி அப்படிக் கடைசி வகுப்பில்தான் ஊர்ந்து வந்தது. "என்னைக் கட்டிக்கிடுவீங்களா? மஸ்கட்ல வேலை வந்திருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒண்ணும் சொல்லலன்னா கிளம்பிருவேன்." அது வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை ஆகிவிட்டது.

கோகிலவாணிக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். சரக்கு வரவில்லை என்று சண்டை போடுவதானாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பான். "கட்டிக்கிறேன், போகாதீங்க" என்று உடனே பதில் சொன்னாள்.

மறுநாள் காலையில் திரையைப் பார்த்தால் பதில் கரூரில் நிற்கிறது. அதற்கு முன்னால் தீபாவளி ஆர்டர்கள் வரிசை கட்டி நின்றன. மேனேஜர் வெள்ளியங்கிரி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கரூர்லயே நிக்குதுங்களா?"

"ஆமாங்க சார்."

"மறுக்கா சொல்லிப் பாருங்க அம்மிணி."

"சொன்னா அதுக்குப் பின்னாடி போய் நிக்குமுங்க."

செல்போனில் பேசலாம்தான். ஆனால் ஊழியர்களின் செல்போனும் பெட்டிக்கு இன்னொரு வழி, அவ்வளவுதான்; அதில் பேசினாலும் அதே வரிசைதான். புறப்பட்ட பேச்சுக்கு நடுவழியில் வகுப்பை மாற்றக் கூடாது என்பதும் அவளே போட்ட உத்தரவு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று நொந்துகொண்டாள். அழுகை வந்தது. பிறகு, பேச்சுதானே போகாது, ஆள் போகலாமே என்று தோன்றியது. முதல் வகுப்பில் தன் பெயரை ஏற்றி, வெள்ளியங்கிரியிடம் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சாத்தூர் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ரயில் மெதுவாகப் போனது. ஜன்னலோரம் இவள் கட்டியிருந்த அதே பச்சைச் சேலையில் இன்னொரு கோகிலவாணி உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிரதி போகும் என்பது பஸ்ஸிலிருந்தவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் தலையசைத்துக்கொண்டார்கள். ரயில் போய்விட்டது. கேட் திறக்க நேரமாயிற்று. பஸ்காரிக்கு வயிறு எரிந்தது. கொய்யாப்பழம் வாங்க வேண்டும் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்றும் யோசித்தாள்.

தூத்துக்குடிக் கிளையின் வாசலில் காவலாளி இசக்கி எழுந்து நின்றான்.

"என்னக்கா, இப்பத்தான வந்திய? உள்ள அண்ணாச்சிகூட காப்பி குடிச்சிட்டு இருக்கிய."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். தங்கப்பழம் மஸ்கட் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். எதிரே ரயிலில் வந்தவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. மனசு நிறைந்தது, கூடவே ஒரு பாரமும் ஏறியது. பிந்தி வந்தது இவள்தானே. இத்தனை நாள் உத்தரவு போட்டவள் ஒரு விஷயத்தை யாரிடமும் கேட்டதில்லை.

"கழிச்சதெல்லாம் எங்க போகும், இசக்கி?"

"பின்னாடி ரூம் இருக்கு. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

அந்த அறையில் ஆர்டர்களின் இரண்டாம் பிரதிகள் சுவரோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. நடுவில், தலையெல்லாம் ஈரமாக, ஒரு நாற்காலியில் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான்.

"இல்லீங்க. நீங்க எப்படி இங்க?"

"பதில் வாற நேரம் ஆள் சீட்ல இருக்கணுமேன்னு, காலைல வீட்லருந்து கிளம்பும்போது என்னை முதல் வகுப்புல போட்டுட்டேன். உள்ள இருக்கவரு பைபாஸ்ல முந்தி வந்துட்டாரு. நான் பீச் ரோட்டுல அலையில நனைஞ்சுகிட்டே சுத்தி வந்தேன்." கொஞ்சம் தயங்கினான். "உள்ள என்னமோ சிரிப்புச் சத்தம் கேக்கு. என்ன பதில்னு எங்கிட்ட யாரும் சொல்லல."

பஸ்ஸில் வந்த தூரமெல்லாம் இதற்குத்தான் என்று கோகிலவாணிக்குப் பட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, வேறு யார் காதிலும் விழாதபடி, "கட்டிக்கிறேன்னு சொன்னேனுங்க" என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அறைக்கு இன்னொரு கதவு இருந்தது. அது எந்தக் கிளைக்குப் போகிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. போய்த்தான் பார்ப்போமே என்று அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே பந்தல் போட்டிருந்தது. நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணியின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏன் கண்ணு, இத்தன நேரமா? தாலி கட்டி முடிஞ்சாச்சு. கடைசிப் பந்தி உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க."

கோகிலவாணி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முந்தி வந்தவளுக்குக் கட்டிய தாலி இவள் கழுத்திலும் இருந்தது, மஞ்சள் இன்னும் காயவில்லை. இருவரும் கையைக் கழுவிவிட்டு, ஓரத்தில் காலியாக இருந்த இரண்டு இலைகளின் முன்னால் உட்கார்ந்தார்கள். ரசம் வந்தது.