கிண்ணத்தை எடுங்க, டாக்டர்

பழிவாங்கக் கத்தி வேண்டும், விஷம் வேண்டும் என்று சொல்வார்கள். சுத்தப் பேத்தல். பொறுமையாக மீட்டிங் கூட்டத் தெரிந்தால் போதும். கண்ணாடிக்கடைக்காரிக்கு அது தெரிந்திருந்தது.

அவள் விற்பது மூக்குக்கண்ணாடி. ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் அகலம் அவளுக்கு மனப்பாடம். அவளிடம் மிளகு என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. நீள உடம்பும் குட்டைக்காலும் கொண்ட மேய்ப்பு ஜாதி. அந்த ஜாதிக்கென்று ஒரு சங்கம் உண்டு. பல் டாக்டர் ஒருவர் பத்து வருஷமாக அதற்குத் தலைவர். கம்பி தாண்டுவது, குழாய்க்குள் நுழைந்து வெளியே வருவது, நட்டு வைத்த குச்சிகளுக்கிடையே நெளிந்து ஓடுவது என்று சங்கம் நடத்தும் போட்டிகளில் இரண்டே நாய்கள்தான் முன்னால் நிற்கும். ஒன்று மிளகு. இன்னொன்று டாக்டரின் ஆண் நாய், தளபதி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இறுதிப் போட்டியன்று காலையில், டாக்டர் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வேன் பக்கத்தில் மிளகு தன்னைக் கடித்துவிட்டதாகக் கமிட்டியிடம் சொன்னார். கட்டை அவிழ்த்துக் காட்டினார். ஏழு தையல்.

அந்த நேரம் முழுக்க மிளகு அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். அவள் கடையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து வந்து மிளகின் கோரைப் பற்களுக்கு நடுவே வைத்துக் காட்டினாள். டாக்டர் கையிலிருந்த இரண்டு பொத்தல்களுக்கு நடுவே நாலு மில்லிமீட்டர் அதிகம். அது பெரிய தலை உள்ள ஆண் நாயின் வாய். குருடனுக்கும் தெரியும்.

"அம்மா, இது மூக்குக்கண்ணாடி இல்ல, நாய்" என்றார் மரக்கடைக்காரர். சங்கத்துக்குப் பொருளாளர் அவர்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்ததும் மரக்கடைக்காரர் கைதான். மொத்தம் பதினேழு கை. மிளகின் போட்டிப் பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் 'கடிக்கும்' என்று எழுதினார்கள். சிவப்பு மை விழுந்த நாய்க்கு ஆயுசு முழுக்க மைதானம் கிடையாது, அப்பீலும் கிடையாது. ஒரு பெரிய நீதிமான் மாதிரி அந்த விதியைக் கொண்டுவந்தவரும் டாக்டரே. தளபதி அன்று தனியாக ஓடிக் கோப்பை வாங்கியது.

மிளகுக்கு இதெல்லாம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கழுத்துவாரை வாயில் கவ்விக்கொண்டு கதவடியில் வந்து நிற்கும். எட்டு மாதம் அப்படி நின்றது. அப்புறம் நிற்பதை விட்டுவிட்டது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள்: மிளகின் பெயரிலுள்ள அந்தச் சிவப்பைத் துடைக்க வேண்டும், பொய் சொன்னவன் முகத்தில் அதைப் பூச வேண்டும்.

வழி தானாகவே கடைக்கு நடந்து வந்தது. டாக்டர் வீட்டம்மா புதுக்கண்ணாடிக்கு அளவெடுக்க வந்தார். சங்கத்துப் பக்கமே தலைகாட்டாத, வெள்ளந்தியான மனுஷி. பேச்சு நாய்கள் பக்கம் திரும்பியது.

"எங்க வீட்டுது தங்கம்தான். சாப்பிடறப்போ மட்டும் யாரும் கிட்டப் போகக் கூடாது. அவரே அது தட்டை நக்கி முடிச்சப்புறம்தான் எடுப்பாரு."

"அப்படியாம்மா?" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. மூக்கின் அகலத்தைச் சீட்டில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்களைப் போட்டிகளில் ஈடுபடுத்தும் செயலாளர் வேலையைக் கேட்டு வாங்கினாள். யாரும் சீந்தாத வேலை. சொந்த நாய் ஓட முடியாதபோது மற்ற நாய்களுக்காக உழைக்கிறாளே என்று ஊரே மெச்சியது. தியாகி என்றார்கள். அவள் கணவன், பஸ் ஓட்டுகிறவன், அவனுக்கு மட்டும் சந்தேகம்.

"நீ இவ்வளவு நல்லவ கிடையாதேம்மா. என்ன திட்டம்?"

"நாய்ங்க ஓடணும். அவ்வளவுதான்."

உண்மையிலேயே ஓடின. சோபாவே கதி என்று கிடந்து பீப்பாயாகிவிட்ட நாய்களை வீடு வீடாகப் போய்க் கிளப்பினாள். மூட்டுவலி என்றவருக்குப் படுத்தபடியே மோப்பப் பயிற்சி கொடுக்கச் சொல்லித்தந்தாள். குடும்பத்தோடு வாருங்கள் என்று கடிதம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் வந்த மைதானத்துக்கு ஐம்பது பேர் வந்தார்கள். பழிவாங்கக் கிளம்பியவள் போகிற போக்கில் ஒரு சங்கத்தையே வளர்த்துவிட்டாள் என்றால் சிரிப்பு வருகிறது. அவளுக்கு வரவில்லை.

அப்புறம் ஒரு நீளமான கூட்டத்தில், எல்லாரும் கொட்டாவி விடும் நேரம் பார்த்து, ஒன்பதாவது தீர்மானத்தை வாசித்தாள். உறுப்பினர் ஒவ்வொருவரும் கூலிக்கு ஆள் வைக்காமல் தன் நாயைத் தானே குணச்சோதனைக்கு அழைத்து வர வேண்டும். வராதவர் பதவியில் இருக்க முடியாது. சோதனையில் ஏழாவது, நாய் தின்றுகொண்டிருக்கும்போது உரிமையாளர் கிண்ணத்தை எடுப்பது. கடைசியில் ஒரு வரி: நாயின் மேல் பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் ஆயுள் தடை, அந்த நாயின் சிவப்பு ரத்து. தன் பெயர் வராத தாளை டாக்டர் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டார்.

சோதனை நாளன்று அவருக்கு ஏழாவது சோதனை என்னவென்று தெரிந்திருந்தது. வீட்டிலேயே தளபதிக்கு மூக்கு முட்டத் தீனி போட்டுத்தான் கூட்டி வந்திருந்தார். அவள் அதையும் யோசித்திருந்தாள். கிண்ணத்தில் போட்டது வேகவைத்த ஈரல். வயிறு நிறைந்திருந்தால் ஈரலை வேண்டாம் என்று சொல்லும் நாயை அவள் இதுவரை பார்த்ததில்லை.

வெளியூரிலிருந்து வந்த நடுவர், பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி கண்டிப்பான ஒரு பெண், நோட்டோடு நின்றார். ஆறு சோதனையிலும் தளபதி தேறியது. குடையை விரித்தார்கள், தகரத்தைத் தட்டினார்கள், அந்நியன் வந்து காதைத் தொட்டான். எதற்கும் அசையவில்லை. ஏழாவதாகக் கிண்ணம் வந்தது. கண்ணாடிக்கடைக்காரி நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினாள்.

"முப்பது செகண்ட். கிண்ணத்தை எடுங்க, டாக்டர்."

டாக்டர் குனிந்தார். தளபதி தின்பதை நிறுத்தியது. வால் ஆடவில்லை. கிண்ணத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கடைக்கண்ணால் அவர் கையை மட்டும் பார்த்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. ஊரார் வாய்க்குள்ளெல்லாம் துணிந்து கை விட்டவர், தன் வீட்டு வாய்க்கு முன்னால் அப்படியே நின்றார்.

"ஐயோ, கையை வெக்காதீங்க!" கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் வீட்டம்மா அலறினார். "அன்னிக்கு மாதிரி கிழிச்சிடும்!"

நடுவர் திரும்பினார். "என்னிக்கும்மா?"

"மூணு வருஷம் முன்னாடி. அந்த ஃபைனல் அன்னிக்குக் காலையில. இதே மாதிரிதான் சாப்பிடறப்போ தட்டை எடுத்தாரு. ஏழு தையல் போட்டோம்."

தன் கணவர் அந்தக் கையை வைத்து இங்கே என்ன கதை சொன்னார் என்பது அந்த அம்மாளுக்கு அந்த நொடிவரை தெரியாது. மைதானத்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும். ஐம்பது தலைகள் டாக்டர் பக்கம் திரும்பின.

இது அவள் போட்ட திட்டத்தில் இல்லாதது. கடி விழும், வண்டவாளம் வெளியே வரும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். கடியே இல்லாமல் உண்மை வந்துவிட்டது. அவள் அப்போதே கடிகாரத்தை நிறுத்தியிருக்கலாம். கணவன் கூட்டத்திலிருந்து 'போதும்' என்று சைகை செய்தான். ஆனால் அவளுக்கு ரத்தம் பார்க்க ஆசையாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

"இன்னும் பன்னெண்டு செகண்ட் இருக்கு, டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வீடு வீடாகப் போனது, கடிதம் போட்டது, தன் மனைவியை மைதானத்துக்கு வரவழைத்தது எல்லாம் எதற்கு என்று அந்தப் பன்னிரண்டு செகண்டில் அவருக்குப் புரிந்தது. நீட்டிய கையை மெதுவாக இழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். தளபதி மிச்ச ஈரலை நிம்மதியாகத் தின்றது.

அவள் தளபதியின் புத்தகத்தைத் தொடவே இல்லை. "நாய் பொய் சொல்லல" என்றாள். உறுப்பினர் புத்தகத்தைத் திறந்தாள். டாக்டரின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் 'பொய்ப் புகார். ஆயுள் தடை' என்று பொறுமையாக, எழுத்து எழுத்தாக எழுதினாள். மிளகின் பெயர் மேலிருந்த சிவப்பை நடுவர் தன் கையாலேயே அடித்துக் கையெழுத்திட்டார். கண்ணாடிக்கடைக்காரிக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போன டாக்டர் வீட்டம்மாவைப் பார்த்தபோது மட்டும் அந்தத் தேன் கொஞ்சம் கசந்தது. அந்த அம்மாளிடம் ஒருநாள் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார் மரக்கடைக்காரர், எல்லாருக்கும் முன்னால். "அந்த ஆளு முழியே சரியில்ல. மிளகு எவ்வளவு சாது! உங்களுக்கு அநியாயம் பண்ணிட்டாங்க."

பண்ணிட்டாங்களாம். கண்ணாடிக்கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிய முகங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினேழில் ஒன்றுகூடக் குறையவில்லை. டாக்டர் சொன்னது ஒரே ஒரு பொய். அதற்குக் கை தூக்கியது இவர்கள். தீர்மானத்தில் 'டாக்டர்' என்று எழுதாமல் 'உறுப்பினர் ஒவ்வொருவரும்' என்று எழுதியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

"ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்று சிரித்தாள். "அடுத்தது உங்க நாய்தானே? அதுக்கு ரெண்டு நாளா சரியாச் சாப்பாடு இல்லன்னு சொன்னீங்களே, டயட்டுல இருக்குன்னு."

மரக்கடைக்காரர் தன் நாயைக் குனிந்து பார்த்தார். நாய் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கடிகாரத்தைச் சுழியத்தில் வைத்தாள். பிறகு பாத்திரத்தைத் திறந்து, ஈரலில் நல்ல பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள்.