சட்டைப் பையில் நான்கு நாள்

கோனியோ அம்மாவின் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள். கிளம்பிய அழுகை பாதியில் அறுந்து, அவள் உள்ளங்கையில் சூடான மூச்சாக முட்டியது.

"கத்தாதம்மா. கொஞ்சம் பொறு. சித்தப்பா வரட்டும்."

பாயில் அப்பா கவேரா கிடந்தார். மூச்சு நின்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று மாதமாகச் சிறுநீரகம் ஒத்துழைக்காமல் ஊதிப்போன உடம்பு. பலகைத் தரையின் இடுக்கு வழியே, கீழே வீட்டைத் தாங்கும் தூண்களில் கடல் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மதியம் மணி இரண்டு.

ஊர் நேரப்படி நான்கு மணிக்குத் துபாயில் கிரிக்கெட் ஆட்டம். தம்பி மொரேயா முதல் ஆளாக மட்டை பிடிக்க வேண்டும். ஜெயித்தால் பாப்புவா நியூ கினி உலகக் கோப்பைக்குப் போகும். நாற்பது வருடமாக வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்த அணி. அதில் பாதிப்பேர் இந்த ஹனுவாபாடா கிராமத்தின் வீடுகளுக்கு நடுவே ரப்பர் பந்தை அடித்துக் கடலுக்குள் விட்டு, குதித்து எடுத்து வளர்ந்தவர்கள். இன்று ஊரில் மீன்பிடிக்கக்கூட யாரும் போகவில்லை.

இங்கே ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தால் அடுத்த வீடு அதை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆறாவது நிமிடம் யாராவது ஃபேஸ்புக்கில் மெழுகுவத்தி படம் போட்டுவிடுவார்கள். அது துபாய் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

சித்தப்பா ஹிதோலோ வந்தார். அண்ணனின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். வீங்கிய பாதத்தை ஒருமுறை தடவினார். பிறகு திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆட்டம் முடியட்டும். ஏழரை, எட்டு ஆகும். அப்புறம் அழுதுக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"தூங்குறார்னு சொல்லு."

அம்மா ஒரு துணியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

விமான நிலையத்தில் மொரேயா சொன்னது கோனியோவுக்கு நினைவிருந்தது. 'எதுவா இருந்தாலும் நீதான்க்கா சொல்லணும். நீ மறைக்க மாட்டேல்ல?' அவள் தலையாட்டியிருந்தாள்.

வீடுகளை இணைக்கும் பலகைப் பாதை அதிர்ந்தது. அடுத்த வீட்டு ஹானே.

"கோனியோ! உங்கப்பா முழிச்சிருக்காரா? ரேடியோவை ஜன்னல் பக்கமா வைக்கட்டா?"

"தூங்குறார்க்கா."

"தூங்குறாரா? இன்னைக்கா? எழுப்பி விடுடி, அப்புறம் உன்னைத்தான் திட்டுவார். தேங்காய்ப்பால்ல மீன் வச்சிருக்கேன், கொண்டுவரேன்."

"வேணாம்க்கா. அப்புறமா..."

"இந்த வெக்கையில ஏன் கதவைச் சாத்தி வச்சிருக்கீங்க?"

கோனியோ சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஜெபம் பண்றோம் ஹானே." அவர் தேவாலயச் சபையின் மூப்பர். ஹானே அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் உடனே நகரவுமில்லை. அவள் காலடி விலகும்வரை மூவரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

தொலைபேசி அதிர்ந்தது. மொரேயாவின் செய்தி. 'பஸ் மைதானத்துக்கு வந்தாச்சு. உள்ளே போனதும் ஃபோனை வாங்கி வச்சிடுவாங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும். கூப்பிடு.'

கோனியோ அதைச் சித்தப்பாவிடம் காட்டினாள்.

"பதில் போடாத," என்றார். "சொன்னா அவன் கை நடுங்கும். நாற்பது வருஷம்டி. தோத்துட்டா ஊரே உன்னைத்தான் சொல்லும்."

"எண்பத்திரண்டுல அப்பாவுக்கும் கை நடுங்கும்னுதான் மறைச்சீங்களா?"

ஹிதோலோ அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வருடம் இங்கிலாந்துக்குப் போன அணியில் அண்ணன் தம்பி இருவருமே இருந்தார்கள். கவேரா ஆட்டக்காரர். ஹிதோலோ தண்ணீர் கொண்டுபோகும் பன்னிரண்டாவது ஆள். இருவரின் தாயும் இறந்துபோனதாக வந்த தந்தி ஹிதோலோவின் கையில்தான் கிடைத்தது. கடைசி ஆட்டம் முடியும்வரை நான்கு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அந்த நாட்களில்தான் கவேரா அறுபத்தொரு ஓட்டம் எடுத்தார். அணி மூன்றாம் இடத்தோடு திரும்பியது. அந்த அறுபத்தொன்றை யாராவது பேச்சில் எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

"போன மாசம் கால் அமுக்கும்போது சொன்னார் சித்தப்பா. 'எங்கம்மா மண்ணுக்குள்ள இருந்தா, நான் மட்டையைத் தூக்கிக் காட்டிட்டு நின்னேன்'னு."

"எனக்கும் அவதான அம்மா?" ஹிதோலோவின் குரல் பிசிறியது. "பக்கத்துக் கட்டில்ல அண்ணன் சிரிச்சுப் பேசிட்டிருப்பான். நான் போர்வையைக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருப்பேன். நாலு நாள் ஒரு சொட்டு அழல."

சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை, வாயில் துணியோடு உட்கார்ந்திருந்த அண்ணியின்மேல் போய் நின்றது.

பிறகு கையை நீட்டினார்.

"குடு. நான் சொல்றேன்."

அவரே கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மொரேயா..." என்றார். அதற்குமேல் வரவில்லை.

"சித்தப்பாவா? நீங்க ஏன் பேசறீங்க? அக்கா எங்க?"

கோனியோ தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "இருக்கேன்டா." அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஒரு வண்டி பின்னால் எடுக்கும் சத்தம்.

"எப்போக்கா?"

"இப்பத்தான். அரைமணிகூட ஆகல."

விளையாடுவாயா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னது தப்போ? வைத்துவிட்டானோ என்று பார்த்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா அங்க இல்லையா?" என்றான்.

"இங்கதான் இருக்கா."

"சத்தமே இல்லையே. ஏன் அழல?"

"உனக்குத் தெரிஞ்சிடும்னு..."

"அழச் சொல்லுக்கா." குரல் உடைந்தது. "எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் பஸ்லயே உக்காந்திருக்கேன். கொஞ்ச நேரம் இருக்கு. கட் பண்ணாத."

கோனியோ தொலைபேசியை அப்பாவின் தோளருகே பாயில் வைத்தாள். அம்மாவின் வாயிலிருந்து துணியை உருவினாள். ஹிதோலோ போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அம்மாவின் முதல் குரல் கரகரத்து வந்தது; இரண்டாவது தெளிந்து எழுந்தது. அடுத்த வீட்டு ரேடியோ நின்றது. "ஐயோ கவேரா!" என்று ஹானே எடுத்தாள். அவளிடமிருந்து அதற்கடுத்த வீடு. பலகைப் பாதையோடு அது கடல் ஓரத்துக் கடைசி வீடுவரை போயிற்று. ஹிதோலோ வாசல் சட்டத்தில் தலையைச் சாய்த்து, "அம்மா, அம்மா" என்று அழுதார்.

தொலைபேசியில் யாரோ மொரேயாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய பையை இழுக்கும் சத்தம். பஸ் படியில் காலணிச் சத்தம். பிறகு திரை இருண்டது.

அம்மா ஒப்பாரியை நிறுத்தினாள்.

"இறங்கிட்டானா?"

"இறங்கிட்டான்மா."

அம்மா முந்தின வரியைத் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.